டப்பா மூடியில் பதினோர் எழுத்து

அஞ்சி யிருந்தேனை ஆண்டவனே நின்னருளால்
நெஞ்சம் திறக்க நினை.

பங்குனித் திங்கள், உத்திர நன்னாள். விடியலில் நீராடி விளக்கேற்றி, நாள்தோறும் ஓதும் பதிகத்தை, பதினோரு பாட்டும் ஒன்று குறையாமல் ஓதி முடித்து, இதை எழுத அமர்கிறேன்.

தகர மூடி ஒன்று 'டக்' என்று திறக்கும் ஓசையும், அதனோடு எழும் துருவும் ரப்பரும் சீவிய பென்சிலும் கலந்த வாடையும் சேர்ந்து வந்தால், அறுபத்து மூன்று வயதைக் கடந்த இன்றும் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. கவராயமும் பாகைமானியும் மூலைமட்டங்களும் அடங்கிய அந்தப் பெட்டிக்குப் புத்தகத்தில் எந்தப் பெயர் இருந்தாலும், எங்கள் பள்ளியில் அதற்குக் 'கணக்கு டப்பா' என்பதே பெயர். அதைக் கையில் ஏந்தி நான் கடந்த இரண்டு ஆண்டுகளையும், அதன் மூடியை முன்னிட்டு ஒருநாள் நான் செய்யாமல் விட்ட ஒரு செயலையும் இங்கே சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ என்ற படிப்பு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கடத்தூருக்கு அப்பால், மழையை நம்பி மரவள்ளியும் சோளமும் விளைந்த எங்கள் பக்கத்தில், அதைப் படித்துத் தேறியவர் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பழைய வினாத்தாள் கிடையாது, அண்ணனின் குறிப்பேடு கிடையாது, 'அங்கே பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போ' என்று சொல்ல ஒரு நாவும் கிடையாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரே குற்றத்துக்காக என்னை முதற்பிரிவில் சேர்த்தார்கள். வகுப்பில் பெண்கள் இருவரே. "ரெண்டு வருசம் பஸ் ஏறி எறங்கிட்டு, கணக்குல கோட்டை வுட்டுட்டு வந்து நின்னா, ஊருல அடுத்த பொண்ணயும் அனுப்பமாட்டாங்க, பாத்துக்க" என்று என் தாயார் சொல்லியனுப்பினார். அந்த அடுத்த பெண் யாரென்று எனக்குத் தெரியாது. ஆயினும் முகமறியாத அவளையும் சேர்த்தே நாள்தோறும் சுமந்துகொண்டு போனேன்.

பத்தாம் வகுப்புவரை கணக்கு எனக்கு அறிந்த வீடாக இருந்தது. பதினொன்றில் அந்த வீட்டின் சுவர்களை யாரோ எடுத்துவிட்டார்கள். எல்லையில்லாதவன், அளவுக்கு அடங்காதவன் என்று இறைவனை நாங்கள் காலைதோறும் பாடியபோது இனித்த அந்தப் பொருள், முடிவிலி என்ற பெயரில் கரும்பலகையில் படுத்த எட்டாக வந்து கிடந்தபோது கசந்தது. ஒரு கோட்டைத் துண்டாக்கி, துண்டைத் துணுக்காக்கி, துணுக்கைச் சுழியமாகாமல் சுழியத்தை நோக்கிச் செலுத்தும் நுண்கணிதத்தில், நானே அப்படித் தேய்ந்துகொண்டு போவதாகத் தோன்றும். வகையிடுதல் ஒருவாறு கைவந்தது. தொகையிடுதலோ, இருட்டறையில் ஊசி தேடுவதுபோல. எந்த வழியில் நுழைந்தால் விடை வருமென்பதை நுழைந்து முட்டிக்கொண்ட பிறகே அறிய முடியும்.

எங்கள் கணக்காசிரியர் அடிக்காதவர். அதனாலேயே அவரிடம் அச்சம் மிகுதி. வகுப்பு தொடங்கியதும் சாக்கட்டிப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார். அதில் யாருடைய எண் இருக்கிறதோ அவர் எழுந்து கரும்பலகைக்குப் போக வேண்டும். "படி தாண்டாத. படி தாண்டினா கழுத்து முறியும்" என்பது அவருடைய ஓயாத வாக்கு, விடை சரியாக இருந்தாலும் இடையில் ஒரு படி விடுபட்டால் முழுவதையும் அழித்துவிடுவார். என் எண் பதினேழு. அவர் கை பெட்டிக்குள் நுழைந்து வெளிவரும் அந்தச் சில நொடிகளில் நான் எத்தனை தெய்வங்களை அழைத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

வகுப்பிலிருந்த மற்றப் பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. எங்களுக்கு அடுத்த ஊர்க் கிறித்தவக் குடும்பம். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து, கால் ஊனமாகி வீட்டோடு அமர்ந்துவிட்ட ஓட்டுநரின் மகள். தாய் களையெடுத்தும் கடலை பறித்தும் குடும்பத்தைக் காத்தார். ஸ்டெல்லாவுக்குக் கணக்கு, மற்றவர்களுக்குப் பேச்சு எப்படியோ அப்படி. பேருந்தின் சன்னல் கண்ணாடியில் படிந்த புழுதியில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டே வருவாள். வளைகோட்டுக்குத் தொடுகோடு என்றால் என்னவென்று விளங்காமல் நான் விழித்தபோது, "எங்கப்பா லாரி தொப்பூர் வளைவுல வளையாம நேரா போச்சு பாரு, அதாண்டி தொடுகோடு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தொடுகோடு அதன்பின் மறக்கவும் இல்லை. இஞ்சினீரிங் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே எண்ணம். "நான் ரோடு போட்டா அந்த வளைவ முதல்ல நிமித்துவேன்" என்பாள்.

அவள் கண்ணாடியில் கணக்குப் போட, பக்கத்தில் நான் பதிகம் ஓதிக்கொண்டு வருவேன். அது அச்சம் நீங்குவதற்காக எங்கள் குடும்பத்தில் தலைமுறையாக ஓதிவருவது; எதற்கும் அஞ்சோம் என்ற கருத்து, பாட்டுக்குப் பாட்டு திரும்ப வரும். என் தகப்பனார் ஏர் பூட்டுமுன் அதை ஓதுவார். "வரிச தப்பினா பலன் தப்பும்" என்பது அவர் கொண்ட உறுதி. எனக்கோ அச்சம் வந்தால் முதலில் தப்புவது வரிசைதான். ஆகவே பதினோரு பாட்டின் முதலெழுத்துகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக என் ஏடுகளின் அட்டைகளில் எழுதிவைத்துக்கொள்வேன். ஸ்டெல்லா அதைப் பார்த்துக் கேலி செய்வாள்: "உங்க சாமிக்குக் காது மந்தமாடி? ரெண்டு வருசமா அதையே சொல்ற, இன்னும் கேக்கலயா?"

பொதுத்தேர்வு நெருங்கியபோது எங்கள் ஆசிரியர் எல்லாரையும் நிறுத்திவைத்து எச்சரித்தார். "பறக்கும்படைன்னு ஜீப்புல வருவாங்க. டப்பாவத் தொறந்து பாப்பாங்க. பேரு, நம்பரு, பிள்ளையார் சுழி, எதுவும் இருக்கக் கூடாது. ஒரு எழுத்து இருந்தாலும் பிட்டுதான். ரெண்டு வருசம் பரீட்சை எழுத முடியாது." பழைய டப்பாக்களில் எல்லாம் பெயரும் சூத்திரமும் கீறிக் கிடந்தமையால், நானும் ஸ்டெல்லாவும் மொரப்பூரில் ஒரே கடையில் ஒரேமாதிரியான இரண்டு புதிய டப்பாக்களை வாங்கினோம்.

அவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பிறகும் நான் அதைச் செய்தேன். கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் பிற்பகல், வாசலில் புளி தட்டும் ஓசை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க, புத்தகத்தைத் திறந்தால் ஒரு சூத்திரமும் முகம் காட்டவில்லை. பதிகத்தை ஓதத் தொடங்கினேன். நான்காம் பாட்டுக்குப் பின் ஏழாம் பாட்டு வந்தது. மறுபடி தொடங்கினேன், மறுபடியும் தப்பியது. நாளை தேர்வறையிலும் இப்படித் தப்பினால் என்னைக் காப்பவர் யார் என்ற நடுக்கத்தில், கவராயத்தின் முனையால் புதிய டப்பாவின் மூடிக்குள் பதினோர் எழுத்துகளை மெல்லக் கீறினேன். சாய்த்து ஒளியில் பிடித்தால் மட்டுமே தெரியும் கீறல்கள். கடவுளின் எழுத்து எப்படிப் பிட்டாகும் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பள்ளி வேப்பமரத்தடியில், அரை பிளேடு கொண்டு இருவருக்கும் பென்சில் சீவியவள் ஸ்டெல்லா. என் கை நடுங்கியதால் நான் சீவினால் முனை ஒடிந்துகொண்டே இருந்தது. இரண்டு டப்பாக்களையும் மடியில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டாகப் பென்சில்களை இட்டு மூடி, ஒன்றை என்னிடம் நீட்டினாள். "போடி, போய் உங்க சாமியக் கூப்புடு. எனக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லிவை" என்றாள்.

பதிவெண் வரிசைப்படி சிவகாமியாகிய எனக்கு நேர் பின்னால் ஸ்டெல்லா. வினாத்தாள் வருமுன் பதிகத்தைத் தொடங்கலாமென்று டப்பாவைத் திறந்து, மூடியை ஒளிபட மெல்லச் சாய்த்தேன். தகரம் வெறுமையாகப் பளபளத்தது. மீண்டும் சாய்த்தேன். ஒரு கீறலும் இல்லை. என் எழுத்துகள் எனக்குப் பின்னால் இரண்டடி தொலைவில், அவள் மேசைமேல் இருந்தன.

திரும்பிப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. வினாத்தாள் வந்தது. அணிக்கோவை ஒன்றை விரித்தேன். எண்கள் இடம் மாறி விழுந்தன. என் காதுகள் இரண்டும் சாலையில் இருந்தன. எங்கோ ஒரு லாரி கியர் மாற்றினால் பேனா நின்றது. ஒரு மணி நேரம் சென்றது. இனி வரமாட்டார்கள் என்று தொகையிடல் கணக்கு ஒன்றில் நுழைந்த வேளையில், பள்ளி வாயிலில் ஜீப் வந்து நின்றது.

வந்தவர் நால்வர். எங்கள் அறைக்குள் வந்தவர் ஒருவரே. கதர்ச் சட்டை, மூக்குநுனியில் கண்ணாடி. என் டப்பாவைத் திறந்தார், மூடினார், கடந்தார். பின்னால் 'டக்' என்ற ஓசை. மூடும் ஓசை வரவில்லை. அவர் மூடியைச் சன்னல் பக்கம் சாய்க்கிறார் என்பது, கூரையில் ஓடிய ஒளித்துண்டால் எனக்குத் தெரிந்தது.

"என்னாம்மா இது?"

"பாட்டுங்க சார். வரிச மறக்காம இருக்க மொதலெழுத்து."

"என்னா பாட்டு?"

"சாமி பாட்டுங்க. பதிகம்."

நுழைவுச் சீட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பேரு ஸ்டெல்லான்னு போட்டிருக்குது. நீ பதிகம் பாடுறியா? கத வுடறதுக்கும் ஒரு அளவு வேணாமா? எந்தக் கணக்குக்கு எந்த விடைன்னு குறிச்சு வெச்சிருக்க. எந்திரி."

நாற்காலி நகர்ந்தது. டப்பா என்னுடையது என்று சொல்ல எனக்கு மூன்று சொற்கள் போதும். அந்த மூன்றும் தொண்டை வரையில் வந்தன. திரும்பினால் விதிமீறல் என்ற எண்ணம் அங்கே எனக்கொரு போர்வையாக வந்து வாய்த்தது, அதற்குள் ஒடுங்கிக்கொண்டேன்.

"சொல்லிக் காட்டட்டுங்களா சார்?" என்றாள் ஸ்டெல்லா.

"சொல்லு பாப்போம். எழுத்து மாறுச்சு, நேரா வூட்டுக்குத்தான்."

அவள் சொன்னாள். பண் இல்லை; தேற்றத்துக்கு நிறுவல் சொல்வதுபோல ஒவ்வோர் அடியாக, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். இரண்டாண்டு காலம் பேருந்தில் என் வாயிலிருந்து சிந்தியதையெல்லாம் அவள் சேர்த்துவைத்திருந்தாள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர் ஒவ்வொரு பாட்டின் முதலெழுத்தையும் மூடியில் ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதில் நின்றுவிட்டாள்.

"எட்டாவது எழுத்து 'வே'. சொல்லு."

மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. அந்தப் பாட்டு என் நாவின் நுனியில் முழுமையாக நின்றது. முதற்சொல்லை மட்டும், முணுமுணுப்பாக, காற்றோடு விட்டிருந்தாலும் அவளுக்குப் போதும். எதற்கும் அஞ்சோம் என்று ஆயிரம் முறை ஓதிய வாய் அது. திறக்கவில்லை. என் விடைத்தாளின்மேல் வியர்வை சொட்டி, தொகையிடற் குறியின் வால் கலங்கி நீலமாகப் பரவியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எட்டாவது மறந்துபோச்சுங்க சார். ஒம்பதாவது சொல்லட்டுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். "கணக்கையும் இப்படித்தான் எட்டாம் படிய வுட்டுட்டு ஒம்பதாம் படி போடுவியா?" என்றார். ஒன்பதும் பத்தும் பதினொன்றும் கேட்டார். எழுத்துகள் ஒத்துவந்தன. ஆயினும் உடனே விடவில்லை, தலைமைக் கண்காணிப்பாளரை வரவழைத்து, விடைத்தாளின் ஒவ்வொரு பக்கத்தையும் மூடியோடு ஒப்பிட்டு, ஒன்றும் இல்லையென்று தெளிந்த பிறகே, "டப்பாவ நான் எடுத்துக்கிறேன். குந்தி எழுது" என்று சொல்லிப் போனார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் போயிருந்தது.

சற்றுப் பொறுத்து அறைக் கண்காணிப்பாளர் என்னிடம் வந்து, "பின்னாடி அந்தப் புள்ளைக்கு ஸ்கேல் இல்ல. உன்னுத கொஞ்சம் குடும்மா" என்றார். திரும்பாமலே கொடுத்தேன். அது அவளுடைய ஸ்கேல்தான்.

தேர்வு முடிந்து பேருந்துக்கு நடந்தபோது அவள் அதைப்பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. பத்து மதிப்பெண் வினா இரண்டைத் தொட நேரமில்லாமல் போய்விட்டது என்று மட்டும், வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னாள். பேருந்து கிளம்பியதும், "ஏண்டி, அந்த எட்டாவது பாட்டு என்ன?" என்றாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளை வரவில்லை.

நான் தேறினேன்; விளிம்பில் நின்று தேறினேன். ஸ்டெல்லாவும் நன்றாகவே தேறினாள். ஆனால் இஞ்சினீரிங்குக்கு அவளுக்கு வேண்டியிருந்தது நன்றாக என்பதற்கும் மேலான ஒன்று. அந்த இரண்டு வினாக்களின் அளவில் அது தவறியது. அவள் கணிதத்தில் பட்டம் பெற்று, ஓசூரில் வங்கி வேலையில் சேர்ந்து ஓய்வும் பெற்றாள். நான் கணக்கிலிருந்து தப்பியோடி, தமிழ் படித்து, திருமுறை வகுப்பெடுக்கும் நிலைக்கு வந்தேன். பொங்கலுக்கு நானும் கிறிஸ்துமசுக்கு அவளும் பேசிக்கொள்வோம். அந்த அறையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. என்னிடம் பாடம் கேட்பவர்களில் ஒருவரும் இதைக் கவனித்ததில்லை: எட்டாம் பாட்டு வரும்போது என் குரல் இறங்கிவிடும். சில நாள் அதைத் தாண்டியே போய்விடுவேன். வரிசை தப்பினால் பலன் தப்பும் என்பது அறிந்தும் தாண்டினேன்.

சென்ற வாரம் ஸ்டெல்லாவிடமிருந்து அழைப்பு வந்தது. பொங்கலும் அல்ல, கிறிஸ்துமசும் அல்ல.

"சிவகாமி, பேத்திக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சைடி. பிளஸ் டூ. சோறு எறங்க மாட்டேங்குது, கை நடுங்குது. அப்படியே உன்ன உரிச்சு வெச்சிருக்கா. அந்தப் பாட்டச் சொல்லித் தரலாம்னு பாத்தா, எட்டாவது வரவே மாட்டேங்குது. என்னடி அது?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. "ஸ்டெல்லா, அந்த டப்பா என்னுது. எழுத்தும் நான் கீறினது. நான் எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும்."

மறுமுனையில், அன்று பேருந்தில் கேட்ட அதே சிரிப்பு. "உன் டப்பான்னு எனக்குத் தெரியாதா? மாத்திக் குடுத்ததே நான்தானே. பென்சில் போடும்போது பாத்தேன். சுரண்டினா இன்னும் பளிச்சுன்னு தெரியும். உங்கிட்டச் சொன்னா அங்கியே மயக்கம் போட்டு வுழுவ. ஜீப்பு சத்தத்துக்கே உனக்குப் பாவாட நனஞ்சிரும். நல்லாப் படிக்கிற புள்ள டப்பாவ யாரு சாச்சுப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அதுதான் நான் போட்ட தப்புக் கணக்கு."

அவள் தொடர்ந்தாள். "எந்திரிச்சிருந்தாலும் ரெண்டு பேரையும்தான் வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நீ குந்தியிருந்ததே நல்லது, வுடு." பிறகு, குரல் சற்றே தணிந்து, "ஆனா ஒண்ணுடி. எட்டாவது வராம நின்னப்ப, நீ சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நான் அன்று வாய் மூடியிருந்தது இருவரையும் காக்கும் அறிவினால் அன்று, அச்சத்தினால். அவள் தந்த சமாதானத்தை ஏற்க எனக்கு உரிமை இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டுமே எனக்கு உரியது. அதை வைத்துக்கொள்கிறேன்.

"சரி, அழுவாத. இப்பச் சொல்லு" என்றாள் ஸ்டெல்லா. எட்டாம் பாட்டைச் சொன்னேன். முதற்சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, குரல் இறங்காமல் சொன்னேன். அங்கே ஓர் இளங்குரல் அதை அடியடியாக வாங்கிச் சொல்லியது.

அந்தத் தகர டப்பாக்கள் இப்போது வருவதில்லை. உள்ளிருப்பது வெளியே தெரியும் பையில் பிள்ளைகள் பேனா கொண்டுபோகிறார்கள். சீட்டெடுத்து எண் அழைத்த ஆசிரியர் இல்லை. புழுதி படிந்த சன்னலில் கணக்குப் போடப்பட்ட அந்தப் பேருந்து எந்த இரும்புக் கடையில் உருகியதோ அறியேன். தொப்பூர் வளைவு மட்டும் இன்னும் நிமிரவில்லை. அதை நிமிர்த்த ஒருத்தி இருந்தாள்.

இதைப் படிக்கும் அனைவரும் நலம் பெறுக. தேர்வறையில் நடுங்கும் பிள்ளைகளுக்குக் கற்றது கைகொடுப்பதாக. அருகில் இருப்பவர் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் நொடியில், நம் எல்லாருடைய நாவிலும் அச்சொல்லை இறைவன் எழுப்பி அருள்க.